பிளஸ் டூ பிரிவு விழாவில் பட்டம் எழுதுவது எப்படி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு, பொதுத்தேர்வுக்கு முன்னால், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரிவு விழா வைப்போம். இதுவரை பத்தொன்பது விழா நடத்தியாயிற்று. கேக்கும் குரூப் போட்டோவும் எல்லாப் பள்ளியிலும் உண்டு, அதற்குப் பெரிய யோசனை வேண்டியதில்லை. பிள்ளைகள் காலத்துக்கும் நினைவில் வைத்திருப்பது தங்கள் பெயரைச் சொல்லி வாசிக்கிற அந்த ஒற்றை வரியைத்தான். எங்கள் பள்ளியில் அதற்குப் பட்டம் என்று பெயர். வகுப்பில் நாற்பத்து மூன்று பேர் இருந்தால் நாற்பத்து மூன்று பட்டம். அதைச் சரியாக எழுதுவது எப்படி என்றுதான் இங்கே சொல்லப்போகிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றே ஆரம்பித்துவிடுங்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் நாலு பேர் உட்கார்ந்து எழுதினால், அந்த நாலு பேருக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் நல்ல பட்டம் கிடைக்கும். நான் ஓலைக் கொட்டான் ஒன்றை ஆசிரியர் மேசையில் வைத்துவிடுவேன். நம் ஊர் ஆச்சிமார்கள் சாயம் போட்ட பனை ஓலையில் முடைவார்களே, அதே கொட்டான். பக்கத்தில் துண்டுச் சீட்டுக் கட்டு. யார் வேண்டுமானாலும் யாரைப் பற்றியும் எழுதிப் போடலாம். ஒரே ஒரு கட்டளைதான்: சீட்டு "ஒரு நாள்" என்று தொடங்க வேண்டும்.

அந்த இரண்டு சொல் செய்கிற வேலை பெரிது. "இவன் நல்ல நண்பன்" என்று எழுத வந்த கை, "ஒரு நாள்" என்று போட்டதும் நின்றுவிடும். எந்த நாள், எங்கே, என்ன செய்தான் என்று யோசித்தாக வேண்டும். "ஒரு நாள் கெமிஸ்ட்ரி லேபில் உப்பைக் கையில் வாங்கியதுமே இது அம்மோனியம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் சோதனை செய்தான்" என்று ஒரு சீட்டு வந்தது. அதிலிருந்து பிறந்த பட்டம்: "விடையை முதலில் எழுதிவிட்டுக் கேள்வியைத் தேடிய விஞ்ஞானி." லேபில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் அந்தக் காட்சி கண்ணில் வந்துவிடும், சிரிப்பு தானாக வரும்.

இரண்டு வாரம் கழித்துக் கொட்டானைக் கவிழ்த்தால் இருநூறு சீட்டுக்குக் குறையாது. படித்துப் பிரிக்க நாலு பேர் போதும். இரண்டு பெண், இரண்டு பையன். நாலு பேரும் ஒரே கூட்டாளிகளாக இருக்கக்கூடாது. முதல் பெஞ்சிலிருந்து ஒருவர், கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவர், பஸ்ஸில் வருபவர் ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர் என்று பார்த்து எடுங்கள்.

எங்களுக்கு வாய்த்த சில பட்டங்களைச் சொல்கிறேன், பதம் பிடிபடும். தேவகோட்டைப் பக்கமிருந்து வந்த பையனுக்கு, "எட்டே முக்கால் பஸ்ஸை ஒன்பது மணிக்குப் பிடிக்கத் தெரிந்த ஒரே மனிதர்." எல்லோருக்கும் பேனா இரவல் கொடுத்த பெண்ணுக்கு, "பதினேழு பேனா கொடுத்து, பதினேழு மூடி மட்டும் திரும்பப் பெற்ற வள்ளல்." இன்னொருவனுக்கு, "எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்து உப்புக்கறி சாப்பிட்டுப் போனவர்." மூன்றும் அவரவர் செய்த காரியம். கேட்கிறவர் சிரிப்பார், பெயருக்குரியவரும் சிரிப்பார்.

நிறம், உயரம், உடம்பு, பேச்சு, மார்க், தெரு, சாதி, யாரோடு பேசுகிறாள் என்பது, இவை எதுவும் பட்டத்தில் வரவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், திக்கிப் பேசுகிற பையன் ஒருவனுக்கு அதை வைத்தே பட்டம் எழுதியிருந்தார்கள். வாசித்தபோது கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் குரூப் போட்டோவுக்குத் திரும்பவில்லை. அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது. பின்வரிசையில் ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு இடைவெளி. அவன் வந்துவிடுவான் என்று பக்கத்தில் நின்றவன் இடம் விட்டு நின்றிருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு: விழாவுக்கு முதல் நாள் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு அவரவர் பட்டத்தை நானே வாசித்துக் காட்டுவேன். "பிடிக்கலைன்னா சொல்லுப்பா, மாத்திடலாம்." காரணம் கேட்க மாட்டேன். நாற்பது பேரில் இரண்டு பேர் மாற்றச் சொல்வார்கள். நாலைந்து பேர், "டீச்சர், இதை விட நல்லது ஒண்ணு இருக்கு" என்று தாங்களே ஒன்று சொல்வார்கள், அது பெரும்பாலும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். முதல் நாளே தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடாதா என்று மற்ற ஆசிரியர்கள் கேட்பதுண்டு. போகாது. தன் பட்டம் தெரிந்த பிள்ளை, கூடம் எப்போது சிரிக்கும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

சீட்டே விழாத பெயர் நிச்சயம் மூன்று நாலு இருக்கும். குழு சட்டென்று "அமைதியின் சிகரம்" என்று எழுதிக்கொண்டு வரும். வாங்காதீர்கள். யாரும் அந்தப் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. ஒரு வருடம் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் அவள் குரலை நானே பத்துத் தடவை கேட்டிருப்பேனா தெரியாது. குழுவிடம், "மூணு நாள் டைம் தர்றேன், அவளைப் பாருங்க, அவளுக்குத் தெரியக் கூடாது" என்றேன். மூன்றாம் நாள் கடைசிப் பெஞ்சுப் பையன் வந்து சொன்னான். நான்காவது பெஞ்சுக்கு ஒரு கால் கட்டை. தினமும் காலையில் அவள் முதல் ஆளாக வந்து, ஒரு தாளை எட்டாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைக்கிறாள். சாயங்காலம் பெருக்குகிறபோது அது போய்விடும், மறுநாள் காலையில் புதுத் தாள். "நான்காவது பெஞ்சு இரண்டு வருடம் ஆடாமல் நின்றதன் ரகசியம்" என்று பெயரோடு வாசித்தபோது, அந்தப் பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்த மூன்று பேரும் குனிந்து காலைப் பார்த்தார்கள். அன்றைக்கு விழுந்த கைதட்டல் எந்தப் பாட்டுக்கும் விழவில்லை.

ஆசிரியர்களையும் கேலி செய்யலாம், செய்ய வேண்டும். கணக்கு சார் ஒரு பீரியடில் நாற்பத்தொரு தடவை "புரியுதா" என்றதைக் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார்கள். அவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டோம். விழாவில் மைக்கைப் பிடித்தவர் முதல் வார்த்தையாக "புரியுதா" என்றார், கூடம் அடங்க நேரமானது.

பட்டம் தவிர நான் சேர்ப்பது இரண்டு. ஒன்று, பட்டிமன்றம். 1939-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் தொடங்கிய கம்பன் விழாவைக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது, பிள்ளைகளுக்கு நடுவர் குரலில் பேசுவது தானாக வரும். "வகுப்பைப் பலமுறை காப்பாற்றியது முதல் பெஞ்சா, கடைசிப் பெஞ்சா?" என்று கொடுத்தால் போதும். ஆளுக்கு மூன்று நிமிடம்.

இன்னொன்று, சாமான் பரப்பு. செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களையெல்லாம் பரப்பிவைத்து ஊர் பார்க்க விடுவார்கள் இல்லையா, அதே மாதிரி. வராந்தாவில் பந்திப்பாயை விரித்து, வகுப்பின் சாமான்களைப் பரப்புங்கள். கைப்பிடி போன டஸ்டர், பதினேழு பேனாவின் மூடிகள், எட்டாக மடித்த தாள், கரண்ட் போனபோதெல்லாம் விசிறியாக இருந்த ரெக்கார்டு நோட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டை எழுதி வையுங்கள்: என்ன பொருள், யார் உபயம், என்ன கதை.

ஒரு வருடம் ஆத்தங்குடிப் பையன் மூலை உடைந்த பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அவன் அப்பா கல் போடுகிறவர். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்குக் கட்டம் சாயத்தைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள் என்று நின்று விளக்கினான். தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்ததும் கண்ணாடி தானாகக் கழன்று வந்துவிடுமாம். பளபளப்பாக இருக்கிற பக்கம் கண்ணாடியில் குப்புறக் கிடந்த பக்கம். பின்பக்கம் வெறும் சிமெண்டு, சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பில்தான் நாற்பத்து மூன்று பேரும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கல் இப்போது நூலக அலமாரியில், பின்பக்கம் தெரிய நிற்கிறது.

கையெழுத்து என்றதும் ஒன்று. சட்டையில் இங்க் அடித்துக் கையெழுத்து வாங்குகிற பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். அந்தச் சீருடைக்குத் தம்பியோ தங்கையோ வீட்டில் காத்திருக்கும். விழாவும் சீருடையிலேயே நடக்கட்டும். சேலை, வேட்டி என்று ஆரம்பித்தால் வாங்க முடியாத பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடும்.

தின்பதற்கு மசாலா சீயம் என்கிற எங்கள் ஊர்க் காரப் பலகாரத்தைப் போடச் சொல்லுங்கள். வெள்ளைப் பணியாரம் கேட்பார்கள், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதை ஒவ்வொன்றாக ஊற்றி, வெந்து மேலே வந்த பிறகுதான் அடுத்ததை ஊற்ற வேண்டும், நாற்பது பேருக்குச் சுட்டு எடுப்பதற்குள் சமையல்காரம்மாவின் இடுப்பு ஒடிந்துவிடும். சீயம் ஒரே ஈட்டில் பத்துப் பதினைந்து போடலாம்.

நேரக் கணக்கு: பட்டம் ஆளுக்கு அரை நிமிடம், சிரிப்பையும் சேர்த்து நாற்பது நிமிடம். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் நாலு மணிக்குள் எல்லாம் முடியும். கடைசி டவுன் பஸ்ஸுக்குப் போகிற பிள்ளைகளின் பட்டத்தை முதலில் வாசித்துவிடுங்கள்.

அன்றைக்கு வராதவர்களின் பெயரையும் வாசிக்க வேண்டும். ஒரு பையன் செய்முறைத் தேர்வுக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்தாயிற்று. பட்டியலில் அடிக்க வேண்டாம் என்று குழுப் பிள்ளைகளே சொன்னார்கள். அவன் பட்டத்தையும் வரிசைப்படி வாசித்தோம்: "மழை வந்தால் எல்லோருடைய சைக்கிளையும் நனையாமல் நகர்த்திவிட்டு, தன் சைக்கிளை மறந்தவர்." மறுநாள் அந்தச் சீட்டையும் நாலு சீயத்தையும் கொட்டானில் வைத்துப் புதுவயலில் அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் அம்மா அரிசி ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தலையில் தவிடு. படிக்கத் தெரியாது, வாசித்துச் சொல்லுங்கள் என்றார். வாசித்தேன். "ஆமா டீச்சர், அந்தச் சைக்கிள் துருப்பிடிச்சுத்தான் கெடக்கு" என்று சிரித்துக்கொண்டே, திண்ணைக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருந்த சைக்கிளைக் காட்டினார்.