சீட்டில் ‘ஜேடு’, தொட்டியில் வேறு செடி

நாகர்கோவிலில் ஒரு நர்சரியில் ‘ஜேடு’ என்ற சதைப்பற்றுச் செடியின் பெயரைச் சீட்டில் குத்தியிருந்த தொட்டியை வாங்கி வந்து, இலையைக் கிள்ளி மண்ணில் வைத்தாலே முளைக்கும் என்று கேள்விப்பட்டு, பத்துப் பன்னிரண்டு இலைகளை வரிசையாகப் பரப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வராதுதான், அது ஜேடே இல்லை, போர்ச்சுலகேரியா. அதற்குக் கம்பை ஒடித்து நட வேண்டும்.

இரண்டும் தென்னாப்பிரிக்காச் செடிகள், தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பக்கத்தில் போய்ப் பாருங்கள். போர்ச்சுலகேரியாவின் இலை சுண்டுவிரல் நகத்தளவுதான், இளந்தண்டு மெலிந்து செம்பழுப்பாக இருக்கும். நிஜ ஜேடான கிராசுலா ஒவேட்டாவுக்கு இலை அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது, தண்டும் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். போர்ச்சுலகேரியா நல்ல வெயிலையும் தாங்கும், ஜேடை ஏப்ரல் மத்தியானத்தில் மொட்டைமாடியில் விட்டால் இலை சிவந்து சுருங்கிவிடும்.

அடுத்தது கள்ளிக் குழப்பம். முள் இருந்தால் போதும், ‘கேக்டஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். நிஜ கேக்டஸில் முட்கள் ஒரு சின்னப் பஞ்சுப் புள்ளியிலிருந்து கிளம்பும். வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் இதைப் பார்க்கலாம், அது அமெரிக்காவிலிருந்து வந்த கேக்டஸ்தான். சதுரக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் யூபோர்பியா என்ற வேறு இனம். அவற்றில் பஞ்சுப் புள்ளி இருக்காது, ஒடித்தால் வெள்ளைப் பால் கொட்டும். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை, ரப்பரும் அதே குடும்பம். அதற்காகக் கீறிச் சோதிக்க வேண்டாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். போதாததற்கு மாமில்லேரியா என்ற நிஜ கேக்டஸ் சிலவற்றிலும் பால் வரும், அதனால் புள்ளியைப் பார்ப்பதே நம்பகமான வழி.

வெள்ளை வரி போட்ட ‘குட்டிக் கற்றாழை’ என்று விற்பது ஹவோர்த்தியாப்சிஸ். சோற்றுக்கற்றாழைக்கு இருப்பதுபோல ஓரத்தில் முள்வரிசை இருக்காது. அதில் ஃபேசியேட்டா, அட்டெனுவேட்டா என்று இரண்டு வகை. சீட்டில் ஃபேசியேட்டா என்றிருக்கும், ஆனால் இலையின் உட்புறத்தை விரலால் தடவும்போது சொரசொரவென்று தட்டுப்பட்டால் அது அட்டெனுவேட்டா. கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. நேர் வெயில் வேண்டாம், வெளிச்சமான ஜன்னலோரம் போதும்.

ரோஜாப்பூ அடுக்கில் இருக்கும் எச்சிவேரியாவை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று: நம் ஊர்ப் புழுக்கத்தில் அது அழுகிவிடும், அதே சாயலில் இருக்கும் கிராப்டோபெட்டலம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

சரி, மழைக்கு வருவோம். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு மழை. மார்த்தாண்டம் பக்கத்து ஈரத்துக்குத் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தியே ஆக வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றே பாதி ஈரத்தை உறிஞ்சிவிடும், அங்கே தொட்டி உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை.

மண்ணுக்கு, தோட்டமண், பரும ஆற்றுமணல், உடைத்த பழைய ஓட்டுச்சில் மூன்றும் சம அளவு. நார்த்தூளை அள்ளிப் போடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சும்மா கிடைக்கிறதே என்று கடற்கரை மணலையும் எடுக்காதீர்கள், உப்பு. தண்ணீர் ஊற்றுமுன் ஓர் ஈர்க்கிலைத் தொட்டியின் அடிவரை குத்தி எடுங்கள். மண் ஒட்டி வந்தால் இன்றைக்கு வேண்டாம்.

அப்புறம், அந்தப் போர்ச்சுலகேரியாவில் ஒரு கம்பை ஒடித்து, வெட்டுவாய் காய நாலு நாள் நிழலில் போட்டுவிட்டு நட்டேன். ஒரு மாதம் கழித்து லேசாக இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.