தயிர்ச்சட்டி கேட்டு வந்த அம்மம்மா: போனில் ஒரு பேய்ப் பகிடிக் குறும்படம் எடுப்பது எப்படி?

அம்மம்மா செத்து 31ஆம் நாள், அந்தியேட்டிக் கிரியை முடிந்து வந்த சனமும் போய்விட்டது. பின்நேரம், துடைத்த சீமெந்துத் தரையில் ஓர் ஈரக் காலடி விழுகிறது. ஆளில்லை. பக்கத்தில் இன்னொன்று. குசினிப் பக்கமாக மூன்றாவது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இப்பதானே துடைச்சன். காலைத் துடைச்சிட்டு வந்தா என்ன அம்மா?" என்கிறார்.

நாம் எடுக்கப்போகும் படம் இதுதான். நீளம் நான்கு நிமிடம். களம் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சாதாரண வீடு. இரண்டு போன், ஒரு ஸ்டாண்ட், சொன்னால் சிரிக்காமல் நிற்கக்கூடிய இரண்டு பேர் போதும்.

1. நடக்காத காரியம் ஒன்றே ஒன்று

புதிதாக எடுப்பவர்கள் பயத்துக்கு ஒரு காட்சி, பகிடிக்கு ஒரு காட்சி, விசித்திரத்துக்கு ஒரு காட்சி என்று பங்கு பிரிப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அது மூன்று அரைகுறைப் படங்களை ஒட்டியது போல வந்தது. மேலே உள்ள காட்சியைப் பாருங்கள். காலடி பயம். அம்மாவின் கோபம் பகிடி. "இது எப்படி நடக்குது?" என்று வீட்டில் ஒருவரும் கேட்காததுதான் விசித்திரம். மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் படம் அங்கேயே படுத்துவிடும்.

காலடியோடு நிறுத்துங்கள். திரைச்சீலையும் பறந்து மணிக்கூடும் பின்னால் ஓடினால், பார்ப்பவர் அடுத்து எதையும் நம்பத் தயாராகிவிடுவார். அப்புறம் அவரைப் பயப்படுத்த முடியாது.

பேய்க்கு ஆசை சின்னதாக இருக்கட்டும். பழிவாங்கல் வேண்டாம். எருமைத் தயிர் வாங்கிய மண்சட்டியைப் பக்கத்து வீட்டு மாமி இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை. அம்மம்மா அதைத் தேடித்தான் வருகிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கல்லடி, நாவலடிக் கரையில் பேய்ப் பகிடி எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கோயில் சடங்கில் உரு ஆடுவதையும் பகிடிக்கு எடுப்பதில்லை. வீட்டுக்குள் வேண்டிய அளவு கதை கிடக்கிறது.

2. காலடியை விழவைப்பது

இது 1896இலேயே இருந்த வித்தை. பிரான்சில் மந்திர வித்தைக்காரராக இருந்து படம் எடுக்க வந்த ஜோர்ஜ் மெலியே, கமராவை நிறுத்தி, பொருளை மாற்றி, திரும்ப ஓடவிடுவார். அந்த வருடம் அவர் எடுத்த மூன்று நிமிடப் படமொன்றில் வௌவால் பிசாசாக மாறும். முதல் பேய்ப்படம் என்று பலர் சொல்லும் அதில் பகிடியும் நிறைய உண்டு. ஆக, நாம் செய்வது புதிதல்ல.

போனை ஸ்டாண்டில் வைத்து, ஸ்டாண்டின் கால்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பதிவைத் தொடங்கியபின் நிறுத்தவே வேண்டாம். ஐந்து விநாடி வெறுந்தரை. ஒருவர் வந்து ஒரு காலடி பதித்துவிட்டு விலகுகிறார். மீண்டும் ஐந்து விநாடி. மறுகா அடுத்த காலடி. ஆள் வந்துபோகும் பகுதிகளை எடிட்டிங்கில் வெட்டி எறிந்தால் காலடி தானாக விழும். இடம், வலம் மாறி வரட்டும். வயதானவர் எட்டி வைக்கும் தூரம் சின்னது என்பதால் நெருக்கமாகப் பதியுங்கள்.

நான் முதல் தடவை பச்சைத் தண்ணீரில் செய்தேன், அதுவும் நண்பகலில். நாலாவது காலடிக்கு வரும்போது முதலாவது காய்ந்துவிட்டது. ஒன்பது தடவை எடுத்தும் சரிவரவில்லை. பிறகு மருந்துக்கடையில் கிளிசரின் வாங்கித் தண்ணீரோடு கலந்தேன். அது லேசில் காயாது. ஆனால் வழுக்கும். படப்பிடிப்பு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவாவிட்டால் வீட்டில் உண்மையாகவே ஒரு செத்தவீடு நடக்கும்.

அம்மாவைக் காலடியோடு ஒரே ஷாட்டில் வைக்காதீர்கள். வெட்டும் இடத்தில் அவர் தலை துள்ளும். தரை ஒரு ஷாட், அம்மாவின் முகம் தனி ஷாட். யன்னலையும் சாத்துங்கள். முகில் வந்து போனால் வெளிச்சம் குதிக்கும்.

3. வெளிச்சம்

நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மின்னும். போன் வழக்கமாக எடுக்கும் விநாடிக்கு 30 ஃபிரேமில் அது பட்டைப் பட்டையாகத் துடிக்கக்கூடும். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 விநாடி என்று வைத்தால் துடிப்பு நின்றுவிடும். போனில் அந்த வசதி இல்லையென்றால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் முயன்று பாருங்கள். இரவுக் காட்சிக்கு ஒரேயொரு விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். முகத்துக்குக் கீழே டோர்ச் அடிப்பது பள்ளிக்கூடப் பேய்.

4. சத்தம்

பயம் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. இரண்டாவது போனை நடிகருக்குக் கிட்ட மறைத்து வைத்துக் குரலைப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டு போட்டால் பிறகு இரண்டையும் பொருத்தலாம். எல்லாரையும் வாய்மூட வைத்து அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் எடுங்கள். வெட்டுகளை மூட அது வேண்டும்.

நனைந்த துணியைத் தரையில் 'சளக்' என்று அடித்துப் பதிந்து, அதைக் காலடி தெரிவதற்கு அரை விநாடி முன்னால் போடுங்கள். காது முதலில் பயப்படும், கண் பிறகு வந்து சேரும். ஆழமான 'டூம்' சத்தத்தை நம்பாதீர்கள். உங்கள் படத்தைப் போனில் பார்ப்பார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்காது. பனையோலை உரசுவது, கதவுக் கீல், தேங்காய் துருவுவது எல்லாம் நன்றாகக் கேட்கும்.

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு அந்தப் பாடும் மீனை விடலாமா? பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது நம் ஊர் வழக்கம். அங்கே ஒலிவாங்கியை ஒட்டிப் பாருங்கள். மீன் பாடாவிட்டாலும் வாவியின் சத்தம் கிடைக்கும்.

5. நடிப்பு

சிரிக்க வைக்க முயலவே கூடாது. அம்மாவாக நடிப்பவர் உண்மையாகவே தரையைத் துடைத்துக் களைத்திருந்தால் நல்லது. காலடி மாமி வீட்டு வாசலுக்குப் போனதும் மாமி சொல்வது ஒரே வரி: "நாளைக்குத் தாறன் எண்டு சொன்னனான்தானே!" அதன்பின் இரண்டு விநாடி மௌனம். 'டொய்ங்' என்று இசை போட்டால் உங்களோடு கோவம்.

6. வெட்டுவது

போனில் காப்கட் என்ற எடிட்டிங் செயலி போதும். கணினி இருந்தால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. எனக்கு முதலில் ஏழு நிமிடம் வந்தது. கதை தெரியாத மூன்று பேரிடம் காட்டி, படத்தைப் பாராமல் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். போனை நோண்டத் தொடங்கிய இடமெல்லாம் போய்விட்டது.

அந்த மூவரில் ஒருவர் எங்கள் உண்மையான பக்கத்து வீட்டு மாமி. முழுப்படத்தையும் ஒன்றும் பேசாமல் பார்த்தார். மறுநாள் காலையில் ஒரு தயிர்ச்சட்டியைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தந்தார். அது எங்கள் வீட்டுச் சட்டி அல்ல.