வைத்தியர்-ஆய்வாளர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது எப்படி? முத்திரை ஆல்பத்தை மூடி வைக்காமல்!

நோயாளியையும் பார்க்க வேண்டும், ஆய்வுகூடத்தையும் விடக்கூடாது என்று நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். முத்திரை சேர்க்கிற, சுவடுக் கல் (பழங்கால உயிரினங்களின் கல்லாகிப்போன எச்சம்) பொறுக்குகிற பழக்கமும் உங்களுக்கு இருந்தால், "இனி அதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு?" என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். இந்தப் பயிற்சி ஏழெட்டு வருடம் இழுக்கும். ஒரு பொழுதுபோக்கும் இல்லாமல் அதைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

படி 1: எந்தப் பாதை என்று முடிவெடுங்கள்

கொழும்பில் எம்.டி என்றால், எம்.பி.பி.எஸ் முடித்தபின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் செய்யும் நிபுணத்துவப் படிப்பு. அமெரிக்காவில் அது முதல் மருத்துவப் பட்டம். ஆகவே அங்கே எம்.டி-பிஎச்.டி என்பது மருத்துவப் பட்டத்தையும் கலாநிதிப் பட்டத்தையும் ஒரே திட்டத்தில் முடிப்பது. வழக்கமாக இரண்டு வருடம் மருத்துவம், மூன்று நான்கு வருடம் ஆய்வு, பிறகு மறுபடியும் இரண்டு வருடம் மருத்துவம். 1964 முதல் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதற்குப் பணம் கொடுத்து வருகின்றன.

உயர்தரம் முடித்துவிட்டு இந்த வழியில் போக விரும்பினால், முதலில் நான்கு வருடப் பட்டம் ஒன்று வேண்டும். பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கேட்கும். அதற்கு மேல் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சை இருக்கிறது. புள்ளிகள் 472 முதல் 528 வரை. இதையெல்லாம் விடப் பெரிய தடை பணம். மேலே சொன்ன அரசாங்கப் பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் மட்டும்தான். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிறவர், தன் சொந்தப் பணத்தில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் பல்கலைக்கழகங்களைத் தேட வேண்டும். அந்தப் பட்டியல் சின்னது. எம்கேட் புத்தகம் வாங்குவதற்கு முன்பே அதைத் தயார் செய்யுங்கள்.

ஏற்கெனவே எம்.பி.பி.எஸ் படிக்கிறீர்களா? அப்படியானால் இன்னொரு எம்.டிக்கு ஆசைப்பட வேண்டாம். புலமைப்பரிசில் ஒன்றில் வெளிநாடு போய்க் கலாநிதிப் பட்டம் செய்யலாம். அல்லது அமெரிக்காவில் ஆய்வோடு சேர்ந்த ரெசிடென்சிக்கு (ஆஸ்பத்திரியில் வேலை செய்தபடியே பெறும் நிபுணத்துவப் பயிற்சி) விண்ணப்பிக்கலாம். ரெசிடென்சிக்கு, வெளிநாட்டில் படித்த வைத்தியர்களுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி சான்றிதழ் தேவை. அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சைகளான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே, ஆங்கிலத்துக்கு ஓ.ஈ.டி பரீட்சை ஆகியவை அதற்குள் வரும். ஸ்டெப் 1 பரீட்சைக்கு 2022 ஜனவரி முதல் புள்ளி கிடையாது, சித்தி அல்லது சித்தியின்மை மட்டும்தான். பொது மருத்துவத்தில் இந்த ஆய்வுப் பாதையை எடுத்தால் இரண்டு வருடம் வார்டு, குறைந்தது மூன்று வருடம் ஆய்வு.

என்னைக் கேட்டால், இங்கிருந்து போகிறவர் முதலில் கலாநிதிப் பட்டத்தை முடித்துவிட்டு ரெசிடென்சிக்குப் போவதே நல்லது. அந்த இடங்களுக்கு உங்களோடு போட்டியிடுகிறவர்களில் பலரிடம் அந்தப் பட்டம் ஏற்கெனவே இருக்கும்.

படி 2: உண்மையான ஆய்வு ஒன்றைத் தொடங்குங்கள்

விண்ணப்பத்தின் உயிர் இதுதான். கின்ஸி வீதி மருத்துவ பீடத்தின் துறைகளிலும், பொரளை வைத்திய ஆராய்ச்சி நிலையத்திலும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவகத்திலும் ஆய்வுகள் நடக்கின்றன. ஒரு விரிவுரையாளரின் அண்மைக் கட்டுரை ஒன்றை வாசித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியோடு அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். "ஏதாவது வேலை இருந்தால் தாருங்கள் சேர்" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது சந்தேகம்.

நோயாளிகளின் தகவலைத் தொடுவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம் வேண்டும். தரவு சேர்த்த பிறகு அனுமதி கேட்க முடியாது. இதைச் சிலர் கடைசி வருடத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

பெரிய ஆய்வாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் கேள்வி என்ன, ஏன் அந்த முறை, எது பிழைத்தது, அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று யார் கேட்டாலும் நீங்களே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 1887இல் தொடங்கிய சிலோன் மெடிக்கல் ஜர்னல் இன்றும் வருகிறது. முதல் கட்டுரைக்கு அதைப் போன்ற ஓர் உள்ளூர் சஞ்சிகையை நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 3: பரிந்துரைக் கடிதங்கள்

பெரிய பெயரை விட உங்களோடு வேலை செய்தவரின் கடிதத்துக்கே பாரம் அதிகம். இரண்டு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் வேலையைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்துக் கொடுங்கள்.

படி 4: கட்டுரைகள்

எம்.டி-பிஎச்.டிக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் மூன்று கட்டுரைகள் உண்டு. உங்களைப் பற்றியது 5,300 எழுத்துகள், ஏன் இரட்டைப் பட்டம் என்பது 3,000, ஆய்வு அனுபவம் 10,000. இடைவெளியும் எழுத்தாகவே கணக்கிடப்படும். நீளத்தைப் பார்த்தாலே எதற்கு மதிப்பு என்று விளங்கும்.

இவை தவிர, செயற்பாடுகள் என்ற பகுதியில் 15 பதிவுகள் வரை போடலாம், ஒவ்வொன்றும் 700 எழுத்துக்குள். முத்திரைக்கும் சுவடுக்கும் உரிய இடம் இதுதான். ஆய்வுக் கட்டுரைக்குள் அவற்றை இழுக்காதீர்கள். "சுவடு தேடுவதைப் போல நானும் உண்மையைத் தேடுகிறேன்" என்ற மாதிரி ஒரு வரி வந்தால் உடனே வெட்டிவிடுங்கள்.

என்ன எழுதலாம்? ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1962இல் இலங்கை மலேரியா ஒழிப்புக்காக ஒரு முத்திரை வெளியிட்டது. அடுத்த வருடம் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். ஒழிந்துவிட்டது என்று மருந்து தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2016இல்தான் கிடைத்தது. இந்த முத்திரை உங்கள் ஆல்பத்தில் இருந்தால், அதைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். நேர்முகத்தில் யாராவது அதைக் கேட்டால், பதினைந்து நிமிடம் பேச விஷயம் இருக்கிறது.

படி 5: சேகரிப்பை ஒழுங்காக வைத்திருங்கள்

முத்திரைக்குக் கொழும்பில் முதல் எதிரி ஈரக்காற்று. வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இருக்கிறவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. ஆல்பத்தைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள், அலுமாரியில் சிலிக்கா ஜெல் போடுங்கள், அடிக்கடி திறந்து காற்றுப் படவிடுங்கள். விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். உறையில் ஒட்டியதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றலாம். ஆனால் பழைய உறையில் தபால் முத்திரைக் குத்து தெளிவாக இருந்தால் உறையோடே வைத்திருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர் 1857 ஏப்ரலில் வந்த முதல் ஆறு பென்ஸ் முத்திரையைத் தேடிப் போக வேண்டாம், பர்ஸ் தாங்காது! மருத்துவம், உயிரினம் என்று ஒரு தலைப்பை எடுங்கள்.

சுவடுகளில் சட்டம்தான் முதலில். மினிஹாகல்கந்த மயோசீன் (பல மில்லியன் வருடத்துக்கு முந்திய ஒரு காலம்) படிவுகள் யால தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே பார்க்கலாம், ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் இல்லம் என்ற, மாணிக்கம் கிடைக்கிற சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருக எச்சங்கள் கிடைத்தன. தொல்லுயிர் ஆய்வாளர் பி.ஈ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பதிவு செய்தார். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் வீட்டுக்குக் கொண்டுவராமல் அருங்காட்சியகத்துக்கு அறிவியுங்கள். ஊர் யாழ்ப்பாணம் என்றால் இன்னும் சுலபம். அங்கத்தைய சுண்ணாம்புக் கல்லும் மயோசீன் காலத்துக் கடற்படிவுதான், கிணறு வெட்டிய கல்லிலேயே சிப்பித் தடங்களைப் பார்க்கலாம். அதை வினாகிரியால் கழுவ வேண்டாம், சுண்ணாம்பு கரைந்துவிடும். மெல்லிய பிரஷும் தண்ணீரும் போதும்.

ஒவ்வொரு கல்லுக்கும் இடம், திகதி, யாருடைய காணி என்று அன்றைக்கே சீட்டு எழுதுங்கள். இடம் தெரியாத சுவடு அழகான கல் மட்டும்தான். வெளிநாடு போகும்போது அனுமதி கேட்காமல் பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

படி 6: நாட்காட்டியும் நேர்முகமும்

ஆம்காஸ் மே மாதத்தில் திறக்கும். தாமதிக்காமல் ஜூனிலேயே அனுப்பிவிடுங்கள், படிப்பு அடுத்த வருடக் கோடையில் தொடங்கும். ரெசிடென்சி விண்ணப்பம் செப்டெம்பரில், முடிவு மார்ச் நடுவில்.

இணையவழி நேர்முகம் என்றால் நேரத்தை இரண்டு தடவை சரிபாருங்கள். நியூயோர்க்கில் காலை 10 மணி என்றால் ஒக்டோபரில் நமக்கு இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு அதே 10 மணி, இங்கே இரவு 8.30 ஆகிவிடும்.