வெயில் இல்லாத நாளில் நாயை நனைக்காதீர்கள்: குளிப்பாட்டும்போது நாம் விடும் பிழைகள்

எங்கள் மணியை நான் முதன்முதலில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டியது ஒரு ஜூலை மாதப் பின்னேரம். இலங்கை மலையகத்தில், எங்கள் தலவாக்கலைப் பக்கம் ஜூலை என்றால் தெரியும்தானே, தூறல் விடாது, நாலு மணிக்கே மூடுபனி தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசல்வரை வந்துவிடும். தேய்க்கும்வரை மணி பொறுமையாக நின்றான். துவாயால் ஒருதரம் துடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று உள்ளே போய்விட்டேன். பத்து நிமிடத்தில் ஆளைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அடுப்படியில், சூடு ஆறாத சாம்பலுக்குள் சுருண்டு கிடக்கிறான். அம்மா அன்றைக்குப் பேசியதை இங்கே எழுத முடியாது. நாலு நாள் போனபிறகு அவன் காதுக்குக் கீழே முடி ஒட்டிப்போய்க் கிடந்தது. பிரித்துப் பார்த்தால், சிவந்து நீர் வடிகிற புண்.

குளிப்பாட்டியதில் பிழை இல்லை. காயவிடாததுதான் பிழை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ நனைந்த நாய் உடம்பை உதறிவிட்டு வெயிலில் கொஞ்ச நேரம் படுத்தால் போதும், காய்ந்துவிடும். மலைநாட்டில் அப்படி இல்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவுதான். ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். இந்தக் குளிரில் மேல்முடி காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் அடிமுடி மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் தோல் ஊறி, நாய் அதைச் சொறிந்து நக்கி, ஒரே இரவில் கையகலப் புண்ணாக்கிவிடும். அடர்ந்த முடியுள்ள நாய் என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் நான் இப்போது முதலில் பார்ப்பது வானத்தை. காலை பத்து மணிக்கு மேல் வெயில் எறிக்கிற நாள் என்றால் மட்டும் வாளியை எடுப்பேன். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்தாருக்கு மே முதல் செப்டெம்பர் வரை அப்படியான நாள் குறைவு. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு மார்கழி, தை மழைதான் தொல்லை. அந்த மாதங்களில் நாய் நாறினால், ஈரத்துணியால் காலையும் வயிற்றையும் துடைத்து, உலர்ந்த துணியால் அழுத்தி ஒற்றி, சீப்பால் வாரிவிட்டால் போதும். வாராவாரம் குளிப்பாட்ட வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. தோல்நோய் இல்லாத நாய்க்கு மாதம் ஒருதரமே தாராளம். அடிக்கடி கழுவினால் தோலின் இயற்கை எண்ணெய் போய், முடி வறண்டு, அரிப்புத்தான் மிஞ்சும்.

துடைப்பதற்கு ஒரு துவாய் போதாது, மூன்று வேண்டும். பழைய பருத்திச் சேலை இன்னும் நல்லது, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் நீண்ட முடி சிக்காகிவிடும். சிக்கை நனைக்கும் முன்பே வாரி எடுத்துவிடுங்கள். நனைந்த சிக்கு இறுகிக் கட்டியாகும், அதற்கடியில்தான் ஈரமும் சவர்க்காரமும் தங்கும். முடி உலர்த்தும் மெஷின் இருப்பவர்கள் சூட்டைக் குறைத்து, உங்கள் கையைக் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொண்டே பிடியுங்கள். நாய்க்குச் சுட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. ஓடத்தான் தெரியும்.

குளிருக்குப் பயந்து கொதிக்கிற தண்ணீரை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 38 முதல் 39 பாகை வரை இருக்கும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் இளஞ்சூடாகத் தெரிகிற தண்ணீர் போதும். காலில் தொடங்கி முதுகுக்கு வாருங்கள், தலையைக் கடைசிக்கு விடுங்கள். தலையை முதலில் நனைத்தால் உதறி உதறி உங்களையும் குளிப்பாட்டிவிடும்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நம் காதுத் துளை நேராக உள்ளே போகிறது. நாயுடையது கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் வளைகிறது. அந்த வளைவில் தேங்கிய தண்ணீர் லேசில் வெளியே வராது. ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை வளர்ந்து, காது புளித்த மணம் மணக்கும், நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்து ஆட்டிக்கொண்டே இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றாமல் முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். காதில் பஞ்சு வைத்தால் ஆழமாகத் திணிக்கக் கூடாது, முடிந்ததும் எடுக்க மறக்கவும் கூடாது. நான் ஒருதரம் மறந்திருக்கிறேன்.

அடுத்தது சவர்க்காரம். துணி துவைக்கிற கட்டிச் சவர்க்காரத்தால் நாயைத் தேய்ப்பதுதான் தோட்டத்தில் வழக்கம். "நல்லா நுரைக்குது, அழுக்குப் போகுது" என்பார்கள். போவது அழுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. கட்டிச் சவர்க்காரம் காரத்தன்மை கூடியது; நாயின் தோலோ மனிதத் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மையும் குறைந்தது. அதனால்தான் நமக்கென்று செய்த ஷாம்புவும் அதற்குச் சரிப்படாது. நாய்க்கென்று விற்கும் ஷாம்பு ஒரு போத்தல் வாங்கி, தண்ணீரில் கலக்கிப் பாவித்தால் பல மாதம் வரும். எதைப் போட்டாலும், நுரை நின்றபிறகு இன்னும் இரண்டு வாளி ஊற்றுங்கள். அக்குளிலும் விரலிடுக்கிலும் மிஞ்சுகிற ஷாம்புதான் பிறகு அரிப்பாகிறது. வைத்தியர் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் பத்து நிமிடம் ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். குளிரில் நடுங்குகிறதே என்று உடனே கழுவினால் மருந்துக்குக் கொடுத்த காசு பீலித் தண்ணீரோடு போகும்.

உண்ணி விஷயத்தில்தான் பெரிய ஆபத்தான பிழைகள் நடக்கின்றன. மண்ணெண்ணெய் பூசுவதை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அது தோலை எரிக்கும். நக்கினால் உள்ளே போகும், நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பூசிய நாய் அடுப்புப் பக்கம் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண் அளவில் கலக்கி நாய்க்கு ஊற்றுவதும் அப்படித்தான். அளவு கூடினால் நாய் வாந்தி எடுத்து, தள்ளாடி விழுந்துவிடும். நாய்க்குரிய சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது நாய்க்குத் தாங்கும், பூனைக்கு நஞ்சு. அடுப்படியில் இரண்டும் ஒட்டிப் படுக்கிற வீடு என்றால் வாங்கும்போதே பாமசியில் கேளுங்கள். கழுத்தில் சொட்டாக விடுகிற மருந்து போட்டால், முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் உண்ணி திரும்ப வருகிறதே என்றால், அது நாயில் மட்டும் குடியிருப்பதில்லை. சாதாரணமாக நாயில் ஏறும் பழுப்பு உண்ணி கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய் படுக்கிற சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிடாமல், நாயை மட்டும் தேய்த்துப் பயனில்லை. ஈறு வெளுத்து, மூத்திரம் தேயிலைச் சாயம்போல இருண்டு, சாப்பிடாமல் படுத்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்குக் குளிப்பை விட்டுவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள். உடம்பில் ஒட்டிய அட்டைக்கு உப்பு போதும். ஓடைத் தண்ணீர் குடிக்கிற நாயின் மூக்குக்குள்ளும் அட்டை ஏறுவதுண்டு. ஒரு மூக்கால் மட்டும் இரத்தம் வந்து தும்மிக்கொண்டே இருந்தால் நீங்களாகக் குச்சியை விட்டு நோண்டாதீர்கள்.

எங்கே குளிப்பாட்டுவது என்பதும் ஒரு கேள்விதான். பீலிக்கரையில் ஆட்கள் குடிக்கவும் தண்ணீர் பிடிக்கிறார்கள். எலிக்காய்ச்சல் கிருமியை நாயும் மூத்திரத்தில் வெளியேற்றும் என்பதால், அங்கே எழும் சண்டையில் நியாயம் சண்டைக்கு வருகிற அக்காமார் பக்கம்தான். இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, கான் (வடிகால்) ஓரத்தில், வழுக்காமல் இருக்க ஒரு சாக்கை விரித்து நிறுத்துங்கள்.

வெயிலைக் காத்திருக்கக் கூடாத நாள் ஒன்று உண்டு. தேயிலைக்கு மருந்தடித்த மலைக்குள் நாய் புகுந்து வந்தால், மழையோ பனியோ, உடனே கழுவியே ஆக வேண்டும், அது உடம்பை நக்குவதற்கு முன். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். எங்கள் மணிக்கு அந்த மாதிரி நாளில் மட்டும் அடுப்படியில் இடம் உண்டு. சாம்பலை முதலே அள்ளிக் கொட்டிவிடுவேன்.