ஆங்கில மரபுத்தொடர்களை உருப்போடாமல் பழகிக்கொள்வது எப்படி?

ஆங்கிலம் நன்றாகவே படிக்கத் தெரிந்தவர்களும் முட்டிக்கொண்டு நிற்கிற இடம் ஒன்று உண்டு. வாக்கியத்தில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் தெரியும், ஆனால் மொத்தமாக என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடாது. 'ஹி லெஃப்ட் ஃபார் குட்' என்று ஒரு கதையில் வருகிறது. லெஃப்ட், ஃபார், குட் மூன்றுமே ஆரம்பப் பள்ளிச் சொற்கள். 'நல்லதுக்காகப் போனான்' என்று எடுத்துக்கொண்டு மேலே படித்தால் கதையே வேறாகிவிடும். அவன் ஒரேயடியாகப் போய்விட்டான், இனி திரும்பி வரப்போவதில்லை என்பதுதான் அதற்குப் பொருள். இந்த மாதிரித் தொடர்களைத்தான் இடியம் என்கிறார்கள், நாம் மரபுத்தொடர் என்கிறோம்.

இதைக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர் கையில் வழக்கமாகக் கிடைப்பது ஒரு பட்டியல். இடது பக்கம் தொடர், வலது பக்கம் பொருள், மொத்தம் ஐந்நூறு. அதை உருப்போடுவதில் எனக்குக் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. ஒரு மரபுத்தொடரில் பொருள் என்பது கால்வாசிதான். அதில் எந்தச் சொல்லை மாற்றலாம், எதில் கை வைக்கக்கூடாது, யாரிடம் சொல்லலாம், எந்த நாட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்கிற மிச்சமெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்காது, தப்பு நடப்பதோ பெரும்பாலும் அந்த மிச்சத்தில்தான்.

தமிழில் நாம் இதை எப்படிச் செய்கிறோம் என்று பாருங்கள். 'கம்பி நீட்டிவிட்டான்' என்றால் யாரும் கம்பியைத் தேடுவதில்லை. 'கம்பிகளை நீட்டினான்' என்று யாராவது சொன்னால் உடனே காதில் உறுத்தும். மரியாதைக்குரிய ஒருவர் கூட்டத்திலிருந்து சீக்கிரம் கிளம்பிவிட்டார் என்பதற்காக அவரைப் பற்றி மேடையில் 'ஐயா கம்பி நீட்டிவிட்டார்' என்று சொல்லமாட்டோம். இதையெல்லாம் யாரும் நமக்குப் பாடம் நடத்தவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. ஆங்கிலத்திலும் அதே வழியில்தான் போக வேண்டும், கொஞ்சம் கவனத்தைச் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் வரும்.

முதல் வேலை, இது மரபுத்தொடர் என்று கண்டுபிடிப்பது. அலுவலக மின்னஞ்சலில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'தி பட்ஜெட் இஸ் ஸ்டில் அப் இன் தி ஏர், ஸோ லெட்ஸ் நாட் ஜம்ப் தி கன்.' பட்ஜெட் எப்படிக் காற்றில் இருக்கும், துப்பாக்கியை யார் தாண்டப்போகிறார்கள்? நேர்ப்பொருள் இடத்துக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது, அதுதான் அடையாளம். உடனே அகராதிக்கு ஓடாமல் சுற்றியுள்ள சின்னச் சொற்களைப் பாருங்கள். 'ஸ்டில்' என்பதால் ஏதோ ஒன்று இன்னும் முடியாமல் இருக்கிறது. 'ஸோ' என்பதால் முதல் பாதி காரணம், அடுத்த பாதி விளைவு. 'லெட்ஸ் நாட்' என்பதால் ஏதோ செய்ய வேண்டாம் என்கிறார்கள். பட்ஜெட் இன்னும் முடிவாகவில்லை, அதனால் அவசரப்பட வேண்டாம் என்று முக்கால்வாசி ஊகித்துவிடலாம். அப்புறம் அகராதியைத் திறந்தால், ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே ஓடத் தொடங்குவதுதான் 'ஜம்ப் தி கன்' என்று தெரியவரும். நாமே ஊகித்து, பிறகு சரிபார்த்த தொடர் மறக்காது.

மனக்கண்ணில் படம் எதுவும் எழுப்பாத தொடர்கள்தான் உண்மையில் ஆபத்து. 'ஃபார் குட்' மாதிரி, 'பை அண்ட் லார்ஜ்' மாதிரி. பூனை, வாளி, துப்பாக்கி என்று எதுவும் இல்லாததால் இது மரபுத்தொடர் என்ற சந்தேகமே வராது, கண் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். 'பை அண்ட் லார்ஜ்' என்றால் பெரும்பாலும், மொத்தத்தில் பார்த்தால் என்று பொருள், பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சிலிருந்து வந்தது. சின்னச் சொற்கள் சேர்ந்துகொண்டு இலக்கணத்துக்கு ஒத்துவராமல் நின்றால் கொஞ்சம் நிதானியுங்கள்.

அகராதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் எல்லாவற்றிலும் மொழி கற்கிறவர்களுக்கென்றே தனி அகராதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். முக்கியமான சொல்லின் கீழே மரபுத்தொடர்களைத் தனியாகக் கொடுத்திருப்பார்கள், பக்கத்திலேயே பேச்சுவழக்கு, பழைய வழக்கு, பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கு என்று குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது பாதி வேலை.

இன்னொன்றும் அங்கேதான் கண்ணில் படும். சில தொடர்களில் 'ஒன்ஸ்' (தன்னுடைய) என்றும் சிலவற்றில் 'சம்ஒன்ஸ்' (வேறொருவருடைய) என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. 'பைட் ஒன்ஸ் டங்' என்று இருந்தால் செய்கிறவரின் சொந்த நாக்கு, அதனால் 'ஐ பிட் மை டங்', 'ஷி பிட் ஹெர் டங்' என்று வரும். 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்று இருந்தால் அடுத்தவரின் கால், 'ஹி வாஸ் புல்லிங் மை லெக்' என்றுதான் வரும். அகராதியில் இருக்கிற 'ஒன்ஸ்' என்ற சொல்லை அப்படியே வாக்கியத்தில் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர், அதைத் தவிர்த்தாலே பாதி ஆங்கிலம் நேராகிவிடும்.

அடுத்து, தொடரின் எந்த மூட்டு அசையும், எது அசையாது என்று பார்க்க வேண்டும். வினைச்சொல் பொதுவாகக் காலத்துக்கு ஏற்ப மாறும். 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. 'ஸ்பில்ட் தி பீன்ஸ்', 'ஹேஸ் ஸ்பில்ட் தி பீன்ஸ்' எல்லாம் சரி. ஆனால் பீன்ஸ் ஒருமையாகி 'பீன்' ஆகாது, பீன்ஸுக்குப் பதில் பட்டாணியும் வராது. செயப்பாட்டு வினையாக 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றால்கூடப் புரிந்துகொள்வார்கள். 'கிக் தி பக்கெட்' அப்படியில்லை. செத்துப்போவது என்று பொருள். அதையே திருப்பிப் போட்டு 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்றால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்தார்கள் என்றுதான் ஆகும். 'தி' போய் 'எ பக்கெட்' ஆனாலும் அதே கதி. இதற்கு எழுதிவைத்த விதி இல்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் பழக வேண்டும். மேடைப் பேச்சில் எல்லோரும் சொல்கிற 'லாஸ்ட் பட் நாட் தி லீஸ்ட்' இந்த வகைத் தவறுதான். 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்' என்பதே வழக்கு, நடுவில் 'தி' கிடையாது.

'கிக் தி பக்கெட்' பற்றி இன்னும் கொஞ்சம். ஃபிரான்சிஸ் குரோஸ் 1785ல் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே அது இருக்கிறது. அன்றைக்கும் கொச்சை, இன்றைக்கும் கொச்சை. தமிழில் 'மண்டையைப் போட்டுவிட்டார்' என்பதற்கு என்ன தொனியோ அதே தொனி. பட்டியலில் 'இறந்துபோதல்' என்று மட்டும் போட்டிருக்கும், அதை நம்பி நண்பரின் அப்பா இறந்ததற்கு அனுப்பும் இரங்கல் செய்தியில் அதை எழுதினால் அந்த நட்பே போய்விடும். அங்கே 'பாஸ்ட் அவே' என்பதுதான் சரி. அதனால் ஒரு தொடரைக் குறித்துவைக்கும்போது, இதை நம் மொழியில் யாரிடம் சொல்வோம், யாரிடம் சொல்லமாட்டோம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

சில தொடர்களுக்கு வயதாகிவிட்டது. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' பள்ளிப் புத்தகங்களில் தவறாமல் இருக்கும், ஆனால் இன்று கொட்டுகிற மழையைப் பார்த்து ஆங்கிலேயர் ஒருவர் சாதாரணமாகச் சொல்வது 'இட்ஸ் போரிங் டவுன்', அதாவது மழை ஊற்றுகிறது என்பதுதான். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேச்சில் தேவையில்லை.

நாடு மாறினால் பொருளே தலைகீழாகிற தொடர்களும் உண்டு. கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் அதை இப்போதே விவாதத்துக்கு எடுத்துக்கொள்வது, அமெரிக்காவில் அதைத் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரே சொல்லால் வெகுநேரம் வாக்குவாதம் செய்ததையும், இரண்டு பக்கமும் கேட்டது ஒன்றைத்தான் என்று பிறகு தெரிந்ததையும் சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். விளையாட்டிலிருந்து வந்தவற்றிலும் நாடு தெரியும். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் குத்துமதிப்பான தொகை, அது பேஸ்பாலிலிருந்து வந்த அமெரிக்க வழக்கு. 'நாக்ட் ஃபார் சிக்ஸ்' கிரிக்கெட்டிலிருந்து வந்த பிரிட்டிஷ் வழக்கு, அதில் நம் ஆட்கள் ஏமாறுவது இயல்பு. சிக்ஸர் என்றதும் நமக்குக் கொண்டாட்டம்தானே நினைவுக்கு வரும். ஆனால் 'தி நியூஸ் நாக்ட் மி ஃபார் சிக்ஸ்' என்றால் அந்தச் செய்தி என்னை நிலைகுலைய வைத்துவிட்டது என்று பொருள். இங்கே நான் மட்டையில்லை, அடிவாங்கிப் பறக்கிற பந்து.

பிறந்த கதை தெரிந்தால் தொடர் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் 1709ல் லண்டனில் நடந்த தன் நாடகத்துக்காக இடியோசை எழுப்பப் புது உத்தி ஒன்றைச் செய்தார். நாடகம் ஓடவில்லை. கொஞ்ச நாளில் அதே அரங்கில் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகம் நடந்தபோது தன்னுடைய இடியோசை கேட்டதும், என் இடியைத் திருடிவிட்டார்கள் என்று கொதித்தாராம். அடுத்தவருக்கு வரவேண்டிய பெயரையும் கவனத்தையும் தட்டிக்கொண்டு போவதற்கு 'ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்' என்று வந்தது அப்படித்தான். சுவரில் எழுதிய கை பைபிளின் தானியேல் ஆகமத்தில் இருக்கிறது, கெட்டது வரப்போகிறது என்பதற்கான அறிகுறியை 'தி ரைட்டிங் ஆன் தி வால்' என்பது அதிலிருந்து வந்தது. ஆனால் கதை சொல்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிட வேண்டாம். கூரையில் படுத்திருந்த நாயும் பூனையும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் அந்த மழைத் தொடர் வந்தது என்று 1999ல் ஒரு மின்னஞ்சல் உலகம் முழுக்கச் சுற்றியது, அது வெறும் கட்டுக்கதை.

இனி தமிழோடு பொருத்திப் பார்ப்பது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். சில தொடர்கள் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும்: 'க்ரோக்கடைல் டியர்ஸ்' முதலைக் கண்ணீர், 'வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ்' கை கழுவுவது. சிலவற்றில் படம் வேறு, கருத்து ஒன்று. அவர்களுக்கு வேலிமேல் உட்கார்ந்திருப்பவன், நமக்கு மதில்மேல் பூனை. அவர்களுக்கு நீல நிலா, நமக்கு அத்தி பூத்தாற்போல். கிடைக்கவே கிடைக்காத பொருளை அவர்கள் கோழியின் பல் என்கிறார்கள், நாம் குதிரைக் கொம்பு என்கிறோம். இவற்றைத் தமிழ்த் தொடரோடு சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள், நிற்கும்.

மூன்றாவது வகையில்தான் கவனம் வேண்டும்: படம் ஒன்று, பொருள் வேறு. மேலே சொன்ன 'பைட் ஒன்ஸ் டங்' அப்படித்தான். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டு, ஐயோ என்று உணர்கிறபோது நாம் நாக்கைக் கடித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் நாக்கைக் கடிப்பவர் இன்னும் எதுவுமே சொல்லவில்லை, சொல்ல வந்ததை அடக்கிக்கொண்டார். 'புல்லிங் மை லெக்' என்பதும் அதே வகை. நம்பவைத்துக் காலை வாரிவிட்டான் என்றால் நமக்குத் துரோகம், அவர்களுக்கு அது சும்மா விளையாட்டாகக் கதைவிடுவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், கேலி செய்த நண்பனை எதிரியாக்கிவிடுவோம்.

சரி, நோட்டில் எப்படி எழுதுவது? தொடரையும் பொருளையும் மட்டும் எழுதாமல், அது வந்த முழு வாக்கியத்தையும் எழுதுங்கள், யார் யாரிடம் சொன்னது என்று ஒரு வரி, பிறகு உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம். வாரத்துக்கு இரண்டு மூன்று போதும். படித்துப் புரிந்துகொள்ள எத்தனை தெரிந்தாலும் நல்லது, சொந்தமாகப் பயன்படுத்தக் கொஞ்சமே தேவை. வேலை இடத்தில் தைரியமாகச் சொல்லக்கூடியவை என்றால் 'ஆன் தி சேம் பேஜ்', அதாவது எல்லோரும் ஒரே புரிதலில் இருப்பது, 'கீப் மி இன் தி லூப்', அதாவது நடப்பதை எனக்கும் தெரிவித்துக்கொண்டிருங்கள், 'கால் இட் எ டே', இன்றைக்கு வேலை போதும். ஒரு மின்னஞ்சலில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். சட்டம், மருத்துவம், பணம் சம்பந்தமான எழுத்தில் ஒன்றுகூட வேண்டாம், அங்கே நேராகச் சொல்வதே பாதுகாப்பு.

பேச்சின் நடுவே புரியாத தொடர் வந்தால் தலையாட்டிவிட்டு நகராதீர்கள். 'ஸாரி, வாட் டு யூ மீன் பை தட்?' என்று கேட்டால் யாரும் குறைவாக நினைப்பதில்லை, வேறு சொற்களில் சொல்லிவிடுவார்கள். சொன்னதை 'ஸோ யூ மீன்...' என்று தொடங்கி உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அவர்களே அங்கேயே திருத்திவிடுவார்கள்.