ஐந்து வருட ஒப்பந்தம் ஐந்து வருட வேலை அல்ல: ரக்பி லீக் பயிற்சியாளர்கள் சறுக்கும் இடங்கள்

2018 கடைசியில் ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லில் ஒரு விநோதமான பண்டமாற்று நடந்தது. பிரிஸ்பன் பிராங்கோஸ் அணியின் பயிற்சியாளர் வெய்ன் பென்னட் 2020இல் சவுத் சிட்னி அணிக்குப் போவார், அங்கே இருந்த ஆன்டனி சைபோல்ட் பிரிஸ்பனுக்கு வருவார் என்று பேச்சு முடிந்திருந்தது. ஆனால் நடுவில் ஒரு முழு சீசன் கிடந்தது. போகப்போகிறவர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவது? பிரிஸ்பன் பொறுக்கவில்லை. டிசம்பரிலேயே பென்னட்டை நீக்கியது. சில நாளில் இருவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டார்கள்.

பென்னட் பிரிஸ்பனுக்கு ஆறு பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். சைபோல்ட் என்ஆர்எல்லில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தது ஒரே ஒரு சீசன். அந்த ஒரு சீசனிலேயே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் வாங்கினார். பிரிஸ்பன் அவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் கொடுத்தது. 2019 நாக் அவுட் சுற்றில் பராமட்டாவிடம் 58-0 என்று தோற்றார்கள். 2020 ஆகஸ்டில் சைபோல்ட் வெளியே. அந்த வருடம் பிராங்கோஸ் தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடைசி இடம் பிடித்தது. ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் கூட முழுதாக ஓடவில்லை. அந்தப் பக்கம் பென்னட், 2021இல் சவுத் சிட்னியை இறுதிப் போட்டிக்குக் கூட்டிப் போய் இரண்டு புள்ளியில் பட்டத்தைத் தவறவிட்டார்.

இந்த வேலையில் ஆட்கள் செய்கிற முதல் தவறு இதுதான்: ஒப்பந்தத்தின் நீளத்தை வேலையின் நீளம் என்று நினைப்பது. ஒப்பந்தம் சொல்வது பணத்தைப் பற்றி. ‘உன்னை அனுப்பினால் இவ்வளவு கொடுத்து அனுப்புவோம்’ என்பதுதான் அதன் உள்ளடக்கம். நாற்காலி யாருக்கு என்பதை அது சொல்வதில்லை.

அப்படியென்றால் தோற்கும்போது ஏன் எப்போதும் பயிற்சியாளர் தலையே உருள்கிறது? காரணம் கணக்கில் இருக்கிறது. என்ஆர்எல் போட்டியில் ஒவ்வொரு கிளப்பும் வீரர்களுக்குச் செலவழிக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. முதன்மைக் குழுவில் முப்பது பேர். பெரும்பாலும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்கள். ஒரு வீரரை அனுப்பினாலும் அவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அந்த உச்சவரம்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் சீசன் நடுவில் பத்து பேரை மாற்றுவது நடக்காத காரியம். பயிற்சியாளர் சம்பளம் அந்த வரம்புக்கு வெளியே. சூதாட்ட இயந்திரங்கள் ஓடும் பெரிய பொழுதுபோக்கு மன்றங்கள் பல கிளப்புகளுக்குப் பின்னால் இருக்கின்றன. இழப்பீட்டுக்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடும். ஆக, வாரியம் மாற்றக்கூடிய ஒரே உருப்படி பயிற்சியாளர்தான். அவர் ஆட்டத்தை எவ்வளவு கெடுத்தார் என்பது அப்புறம் வருகிற கேள்வி.

மேற்கு சிட்னியில், வென்ட்வொர்த்வில் பக்கம், தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்க வரிசையில் நிற்கும்போதுகூட பராமட்டா அணியின் தோல்வியைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த அணிக்கு பிராட் ஆர்தர் 2014 முதல் பயிற்சியாளர். 2022இல் இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். 2024 மே மாதம், பதினோராவது சீசன் நடுவில், அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் என்றால் இந்தத் தொழிலில் ஒரு யுகம். அவரை அனுப்ப இரண்டு மோசமான வருடங்கள் போதுமாக இருந்தன. ஜூலையிலேயே அவர் இங்கிலாந்தின் லீட்ஸ் ரைனோஸ் அணியில் இருந்தார். அந்த வேகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவோம்.

கையெழுத்து ஈரம் காயும் முன்னே

ஒப்பந்த நீட்டிப்பு கிடைத்தால் ரசிகர்கள் ‘அப்பாடா, இனி நிம்மதி’ என்கிறார்கள். பயிற்சியாளர்களும் நம்பிவிடுகிறார்கள் போல. டெஸ் ஹாஸ்லர் மேன்லி அணிக்கு 2008இலும் 2011இலும் பட்டம் வென்றவர். கேன்டர்பரி புல்டாக்ஸ் 2017இல் அவரோடு ஒப்பந்தத்தை நீட்டிக்க ஒத்துக்கொண்டு அறிவிப்பும் செய்தது. அதே வருடம் செப்டம்பரில் நீக்கியது. விவகாரம் வழக்காகி, கடைசியில் சமரசமாக முடிந்தது. நீட்டிப்பு அறிவிப்பு பல நேரம் பத்திரிகைகளின் வாயை அடைக்கவும் வீரர்களை அமைதிப்படுத்தவும் செய்யப்படுவது. அதில் விலகல் விதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, அடுத்த வேலை கிடைத்தால் இழப்பீடு குறையுமா, முழு ஒப்பந்தம் கையெழுத்தானதா அல்லது பூர்வாங்கத் தாள் மட்டும்தானா என்று பார்க்காமல் வீடு வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் நாற்காலிக்கு அவசரப்படுவது

என் கணக்கில் மற்றவை எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இது. என்ஆர்எல் போட்டியில் 17 அணிகள். அதாவது இந்தத் தரத்தில் இந்த வேலை உலகத்திலேயே 17 தான். ஒரு கதவு திறந்தால் உதவிப் பயிற்சியாளர்கள் இருபது பேர் அங்கே நிற்பார்கள். யார் கூப்பிட்டாலும் போய்விட வேண்டும் என்று தோன்றும். ஆனால் கூப்பிடுகிற வீடு எரிகிற வீடா என்று பார்க்க வேண்டாமா?

வெஸ்ட்ஸ் டைகர்ஸைப் பாருங்கள். 2012 முடிவில் டிம் ஷீன்ஸ் போனார். பிறகு மிக் பாட்டர், இரண்டு சீசன். பிறகு ஜேசன் டெய்லர். 2017 சீசன் தொடங்கி மூன்றே ஆட்டம் முடிந்த நிலையில் அவரை அனுப்பினார்கள். பிறகு ஐவன் கிளியரி. பிறகு மைக்கேல் மகுவயர், 2022 ஜூனில் அவரும் அவுட். பிறகு ஷீன்ஸே திரும்பி வந்து ஒரு வருடம். அப்புறம் பென்ஜி மார்ஷல். 2022, 2023, 2024 என்று மூன்று வருடம் தொடர்ந்து கடைசி இடம். இத்தனை பேரும் திறமையில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? நிர்வாகம் சரியில்லை என்றால் பயிற்சியாளரின் திறமை ஒரு சீசனுக்கு மேல் தாக்குப்பிடிக்காது.

இதே டைகர்ஸ் 2022இல் பென்ரித்தின் உதவிப் பயிற்சியாளர் கேமரன் சிரால்டோவைக் கூப்பிட்டது. அவர் மறுத்துவிட்டார். ‘இனி யார் கூப்பிடப் போகிறார்கள்’ என்று சொன்னவர்களும் உண்டு. சில வாரத்தில் புல்டாக்ஸ் கூப்பிட்டது, போனார். அங்கேயும் முதல் வருடம் அடிதான். 2024இல் அணி ஆறாவது இடம் பிடித்தது. புல்டாக்ஸ் 2016க்குப் பிறகு அப்போதுதான் நாக் அவுட் சுற்றுக்குப் போகும் முதல் எட்டுக்குள் வந்திருந்தது.

டாட் பேட்டனும் அப்படித்தான். 2020இல் நியூசிலாந்து வாரியர்ஸ் ஸ்டீபன் கியர்னியை நீக்கியதும் பேட்டன் தற்காலிகப் பயிற்சியாளர் ஆனார். நன்றாகச் செய்தார், நிரந்தர வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வேண்டாமென்று விலகிக்கொண்டார். 2021இல் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் போய், மறு வருடமே சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார்.

தற்காலிகப் பொறுப்பைப் பற்றி இன்னொரு வார்த்தை. அது பதவி உயர்வு இல்லை. சிரால்டோ 2018லேயே பென்ரித்தில் சில வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். பிறகு நாலு வருடம் மறுபடி உதவியாளராக இருந்தார். அதை அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

பட்டியலில் மேலே இருந்தால் பயமில்லை என்று நினைப்பது

அந்த 2018 பென்ரித் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அப்போது தலைமைப் பயிற்சியாளர் ஆன்டனி கிரிஃபின். ஆகஸ்ட் மாதம், நாக் அவுட் சுற்றுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, அணி நல்ல இடத்தில் இருக்கும்போதே அவரை நீக்கினார்கள். கிளப்பில் செல்வாக்கோடு இருந்த பொது மேலாளர் ஃபில் கூல்டுடன் அவருக்கு ஒத்துப்போகவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. எல்லாரும் வெற்றி தோல்வியை எண்ணிக்கொண்டிருக்க, முடிவு மாடியறையில் எடுக்கப்பட்டது.

அவருக்குப் பதிலாக வந்தது ஐவன் கிளியரி. 2015இல் இதே பென்ரித் வேண்டாமென்று அனுப்பிய அதே கிளியரி! நடுவில் டைகர்ஸில் இருந்தார். அங்கே போன புதிதில், பேருந்தில் ஏறுகிறவர்கள் ஏறலாம், விருப்பமில்லாதவர்கள் இறங்கலாம் என்கிற மாதிரி வீரர்களிடம் பேசியது பெரிய செய்தி. ஒப்பந்தம் மிச்சமிருக்கும்போதே அவரே இறங்கிப் போனதும் டைகர்ஸ் ரசிகர்கள் விடுவார்களா? இன்றைக்கும் அந்தப் பேருந்துக் கேலி ஓயவில்லை. மகன் நேதன் கிளியரி பென்ரித்தில் ஆடிக்கொண்டிருந்தது வேறு. பார்ப்பதற்கு அழகான வெளியேற்றம் இல்லைதான். ஆனால் 2021 முதல் 2024 வரை பென்ரித் தொடர்ந்து நான்கு பட்டம் வென்றது. கிளப்புகள் காட்டாத விசுவாசத்தைப் பயிற்சியாளர் மட்டும் காட்ட வேண்டும் என்று கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இறுதிப் போட்டியும் கவசம் இல்லை. கெவின் வால்டர்ஸ் 2023இல் பிராங்கோஸை இறுதிக்குக் கொண்டுபோய் 26-24 என்று தோற்றார். அடுத்த வருடம் முடிவில் அவர் வேலை போனது.

பெரிய வீரராக இருந்தால் பெரிய பயிற்சியாளர் ஆகலாம் என்ற நம்பிக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இங்கிலாந்தின் விகான் அணிக்கு 2023, 2024 சூப்பர் லீக் (அங்கத்திய முதன்மைப் போட்டி) பட்டங்களை வென்று கொடுத்த மேட் பீட் தொழில்முறை வீரராக ஆடியதே கிடையாது. நட்சத்திர வீரராக இருந்த ட்ரென்ட் பாரெட் மேன்லியிலும் நிலைக்கவில்லை, புல்டாக்ஸிலும் நிலைக்கவில்லை.

கீழே இறங்கக் கூச்சப்படுவது

நீக்கப்பட்டவர் வீட்டில் உட்கார்ந்து அடுத்த தலைமைப் பதவிக்குத்தான் காத்திருப்பேன் என்றால், பெரும்பாலும் தொலைக்காட்சி வர்ணனையோடு கதை முடிந்துவிடும். திரும்பி வந்தவர்களில் பலர் ஏதாவது ஒரு சின்ன வேலையை, அல்லது பக்கத்து வேலையை, எடுத்துக்கொண்டவர்கள். சைபோல்ட் பிரிஸ்பனுக்குப் பிறகு இங்கிலாந்தின் ரக்பி யூனியன் அணிக்குத் தடுப்பாட்டப் பயிற்சியாளராகப் போனார். அது விளையாட்டே வேறு. 2023இல் மேன்லியின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பினார். ஜஸ்டின் ஹோல்புரூக் 2019இல் இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ் அணிக்குப் பட்டம் வென்று கொடுத்துவிட்டு கோல்ட் கோஸ்ட் டைட்டன்ஸ் போனவர். 2023 ஜூனில் நீக்கினார்கள். சிட்னி ரூஸ்டர்ஸ் அணியில் உதவியாளராக வேலை பார்த்தார். 2026 முதல் நியூகாசிலின் தலைமைப் பயிற்சியாளர்.

இதில் யாரையாவது பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் நான் மகுவயரைச் சொல்வேன். மெல்பர்ன் அணியில் தலைமைப் பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமியின் உதவியாளர், பிறகு விகானில் தலைமை, 2010இல் அங்கே பட்டம். 2014இல் சவுத் சிட்னிக்கு 43 வருடத்துக்குப் பிறகு பட்டம் வாங்கிக் கொடுத்தார். மூன்றே வருடத்தில், 2017இல், அங்கிருந்து நீக்கம். டைகர்ஸில் நீக்கம். ஆனால் கையில் நியூசிலாந்து தேசிய அணி இருந்தது. வருடத்தில் சில வாரம் மட்டுமே வேலை இருக்கிற, பலர் அலட்சியம் செய்கிற பொறுப்பு. 2023இல் அந்த அணி ஆஸ்திரேலியாவை 30-0 என்று அடித்தது. அது வழியாக 2024இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அணி, அங்கே குவீன்ஸ்லாந்துக்கு எதிரான ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரில் வெற்றி. அது வழியாக பிரிஸ்பன், வால்டர்ஸ் காலி செய்த அதே நாற்காலி. 2025இல் பிராங்கோஸ் பட்டம் வென்றது, 2006க்குப் பிறகு முதல் தடவையாக. வால்டர்ஸும் சும்மா இருக்கவில்லை. அதே வருடம் ஆஸ்திரேலிய தேசிய அணியோடு இங்கிலாந்து போய் ரக்பி லீக்கின் ஆஷஸ் தொடரை (கிரிக்கெட் ஆஷஸ் அல்ல) 3-0 என்று வென்று வந்தார்.

பிராட் ஆர்தர் இரண்டு மாதத்தில் லீட்ஸ் போனதை இப்போது பாருங்கள். இங்கிலாந்துச் சம்பளம் குறைவு, குளிர் அதிகம், குடும்பத்தைப் பெயர்க்க வேண்டும். ஆனாலும் வாரா வாரம் ஒரு அணியைக் களமிறக்கிக்கொண்டே இருக்கலாம்.

நாற்காலிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. 2027இல் பெர்த் பேர்ஸ், 2028இல் பப்புவா நியூகினி அணி உள்ளே வருகின்றன. பெர்த்தின் முதல் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டவர் மால் மெனிங்கா. கான்பெரா கிளப் வேலையை 2001இல் விட்டவர். நடுவில் பத்து வருடம் குவீன்ஸ்லாந்து மாநில அணி, பிறகு தேசிய அணி. 26 வருட இடைவெளிக்குப் பிறகு, அறுபத்தாறு வயதில், மறுபடி ஒரு கிளப்பின் பக்கவாட்டுக் கோட்டருகே வந்து நிற்கப்போகிறார்.