512 ஜிபி போட்டும் பாட்டு கிடைக்கவில்லையா? மியூசிக் பிளேயர் வாங்கும்போது செய்யும் தவறுகள்

160 ஜிபி ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் 2014 செப்டம்பரில் நிறுத்தியது. "என்னிடம் இருக்கிற பாட்டு மொத்தமும் ஒரே கருவியில் வேண்டும்" என்று கேட்பவர்களுக்கு, இதை வாங்குங்கள் என்று கைகாட்ட ஒரு பொருள் அதோடு இல்லாமல் போயிற்று. போனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் வரவரச் சிரமம். 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் ஜாக்கைக் கைவிட்டது. 2021இல் சாம்சங் கேலக்ஸி எஸ்21 மெமரி கார்டு போடும் இடத்தையும் எடுத்துவிட்டது. அதனால்தான் சோனி, ஃபியோ, ஹைபை, ஷான்லிங் என்று தனி பிளேயர்களைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஜிபி?" என்பது. கோணல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கொள்ளளவு இன்று பிளேயரின் கையில் இல்லை, கார்டின் கையில் இருக்கிறது. உள்ளே 32 ஜிபி மட்டுமே உள்ள பிளேயரிலும் 1 டெராபைட் கார்டைச் செருகிக்கொள்ளலாம். அத்தனை பாட்டையும் அந்தக் கருவி எப்படிப் படிக்கிறது, எப்படி அடுக்குகிறது, கேட்டதை எவ்வளவு சீக்கிரம் எடுத்துக் கொடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

விளம்பரக் கணக்கை நம்பி அளவு தீர்மானிப்பது

2001இல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி இருந்தது. ஆயிரம் பாட்டு என்று சொல்லி விற்றார்கள். பாட்டுக்கு 5 எம்பி. பிற்பாடு 160 ஜிபிக்கு 40,000 பாட்டு என்றார்கள். அது பாட்டுக்கு 4 எம்பி, அதாவது 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் நான்கு நிமிஷப் பாட்டு. நம் சினிமாப் பாட்டு ஐந்து நிமிஷத்தைத் தொடும். 320 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிஷத்துக்கு 12 எம்பி. சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் (ஒலியை இழக்காமல் சுருக்கும் வடிவம்) என்றால் ஏறக்குறைய 30 எம்பி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கிற, சிடியைவிட நுணுக்கமான ஹை-ரெஸ் கோப்பு 100 எம்பி பக்கம் போகும். ஆக, ஒரே 256 ஜிபி கார்டில் 21,000 பாட்டும் கொள்ளும், 8,000 பாட்டும் கொள்ளும், 2,500 பாட்டோடும் நிறைந்துவிடும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கணினியில் பார்த்து, மொத்த அளவைக் குறித்துக்கொண்டு, அதைப்போல ஒன்றரை மடங்கு வாங்கினால் போதும்.

256 ஜிபி கார்டு விண்டோஸில் 238 என்று காட்டுவதைப் பார்த்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பெட்டியில் எழுதியிருப்பது ஆயிரத்தால் பெருக்கிய கணக்கு, விண்டோஸ் காட்டுவது 1024ஆல் வகுத்த கணக்கு.

இன்னொரு வீண்செலவும் உண்டு. கையில் இருப்பது பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3. அதை ஃப்ளாக்காக மாற்றினால் தரம் கூடிவிடும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கோப்பு பல மடங்கு பெருக்கும். எம்பி3 ஆக்கியபோது போன ஒலி போனதுதான், திரும்பி வராது.

மலிவான 1 டெராபைட் கார்டு

பெயர் பெற்ற கம்பெனிக் கார்டின் விலையில் கால்வாசிக்கு 1 டெராபைட் கிடைக்கிறதென்றால் அதற்குள் 1 டெராபைட் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 16 அல்லது 32 ஜிபி சிப். அதை 1 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியிருப்பார்கள். இதில் கொடுமை என்னவென்றால், பாட்டை ஏற்றும்போது எந்தப் பிழையும் வராது. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் கார்டின் தொடக்கத்தில் பத்திரமாக இருக்கும். எல்லாப் பெயரும் தெரியும். முதலில் ஏற்றிய சில ஆயிரம் பாட்டுகள் பாடவும் செய்யும். பின்னால் ஏற்றியவை மட்டும் மௌனமாக ஓடும், அல்லது பிளேயர் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போகும். நிறையப் பேர் பிளேயரில்தான் கோளாறு என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே கார்டை அடுத்த பிளேயரில் செருகுகிறார்கள்.

விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உண்டு. கார்டு முழுவதையும் எழுதி நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். பெரிய கார்டு என்றால் ஒரு ராத்திரி பிடிக்கும். பாட்டு ஏற்றுவதற்கு முன்னால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்கு முன்னால், இதைச் செய்துவிடுங்கள்.

வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதும் தேவையில்லாத வேலை. வி30, வி60 என்பதெல்லாம் வீடியோ கேமராவுக்கு. கனமான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்குக்கூட நொடிக்கு ஒன்றேகால் எம்பி போதும். சாதாரண கிளாஸ் 10 கார்டே நொடிக்கு 10 எம்பி தரும்.

பழைய பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. "32 ஜிபி வரை மட்டும்" என்று எழுதியிருக்கும் பல கருவிகள் அதைவிடப் பெரிய கார்டையும் ஏற்றுக்கொள்ளும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வருகின்றன; பழைய பிளேயருக்கு அது படிக்கத் தெரியாது, அவ்வளவுதான் பிரச்சினை. ஃபேட்32 ஆக மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராமல் அடம்பிடிக்கும். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள் செய்து கொடுக்கும். ஃபேட்32இல் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பாட்டு இருக்கிறது, கிடைக்கவில்லை

எனக்குத் தெரிந்து பிளேயரை மேசை டிராயரில் போட்டுவிட்டு மறுபடி போனுக்கே திரும்புகிறவர்களில் பாதிப்பேர் இதனால்தான் திரும்புகிறார்கள்.

பிளேயர்களின் மெனு பாடகர், ஆல்பம், பாட்டு என்ற அடுக்கில் இருக்கும். நாம் அப்படித் தேடுவதில்லை. படத்தின் பெயரால் தேடுவோம், இல்லையென்றால் இசையமைப்பாளர் பெயரால். ஆகவே 'கம்போசர்' என்று தனி வரிசை மெனுவில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பிளேயர்கள் சிலவற்றில் இருக்காது. பாட்டுக் கோப்புக்குள் படம், பாடகர் பெயர்களை எழுதி வைக்கும் குறிப்புக்கு டேக் என்று பெயர்; அதில் 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற டேகைப் படிக்கத் தெரிகிறதா என்பதும் முக்கியம். படிக்கத் தெரியாத கருவியில், ஆறு பாட்டு உள்ள ஒரு படம் பாடகர் வாரியாகச் சிதறி ஆறு இடத்தில் நிற்கும்.

கருவி சரியாக இருந்தாலும் டேக் சரியாக இருக்க வேண்டுமே. இணையத்திலிருந்து இறக்கிய தமிழ்ப் பாட்டுகளில் படத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இறக்கிய தளத்தின் பெயர் உட்கார்ந்திருக்கும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்ற ஒரே ஆள், ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறி மாறி, இனிஷியலுக்கு நடுவே புள்ளி வைத்தும் வைக்காமலும், ஆறேழு பேராகப் பிரிந்து பட்டியலில் நிற்பார். இருநூறு பாட்டு இருக்கும்வரை இது உறுத்தாது. பத்தாயிரம் ஆனதும் பட்டியலை உருட்டியே கட்டைவிரல் தேயும். எம்பி3டேக் என்ற மென்பொருளில் ஒரு படத்தின் பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அடியில் மாற்றலாம். பிளேயர் வாங்குவதற்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. அதற்குப் பொறுமை இல்லை என்றால், ஃபோல்டர் வாரியாகப் பாட்டைத் திறக்கவிடும் பிளேயராக வாங்குங்கள். கணினியில் எப்படி அடுக்கியிருக்கிறீர்களோ அப்படியே தெரியும். மலிவான சில கருவிகள் ஃபோல்டருக்குள்ளும் பெயர் வரிசையில் பாடாமல், கார்டில் ஏறிய வரிசையிலேயே பாடும். அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

டேகைத் தமிழிலேயே எழுதி வைத்திருப்பவர்களுக்குத் தனித் தலைவலி. ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் தமிழ் ஒழுங்காக வரும். தனக்கென்று சிறிய மென்பொருள் வைத்திருக்கும் பிளேயர்களில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் வெறும் கட்டங்கள் வரலாம். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கூட்டத் தெரியாத கருவிகளும் உண்டு. அவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். கேதாரம் என்று எழுதிய டேக் திரையில் 'கதோரம்' என்று நிற்கும்: க-வுக்குரிய கொம்பு அடுத்த த-வின் முன்னால் போய், அதன் துணைக்காலோடு சேர்ந்துகொள்கிறது. தோடியையும் மோகனத்தையும் அது என்ன செய்யும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கடைக்குப் போகும்போது தமிழ் டேக் உள்ள பத்துப் பாட்டை ஒரு கார்டில் எடுத்துப் போய்ச் செருகிப் பார்ப்பதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

கச்சேரி கேட்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சிடியில் ராகம், தானம், பல்லவி தனித்தனித் தடமாக இருக்கும். இடைவெளியில்லாமல் அடுத்த தடத்துக்குப் போகும் 'கேப்லெஸ்' வசதி இல்லாத பிளேயர், தம்பூரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை நொடி விக்கி நின்று பிறகு தொடரும். மூன்று மணி நேரக் கச்சேரியை ஒரே கோப்பாக வைத்திருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வர்ணத்திலிருந்துதான்.

பழைய ஐபாடைத் தேடிப் போவது

ஐபாட் கிளாசிக்கின் ஹார்ட்டிஸ்கைக் கழற்றிவிட்டு, ஐஃபிளாஷ் போன்ற அடாப்டர் வழியாக மெமரி கார்டு பொருத்தி 256, 512 ஜிபி ஆக்கி விற்கிறார்கள். அழகான பொருள்தான், விரலால் சுற்றிப் பாட்டைத் தேடும் அந்தச் சக்கரத்துக்கு ஈடாக இன்னும் ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. ஆனால் எந்தத் தலைமுறை என்று கேட்காமல் வாங்காதீர்கள். 2007, 2008இல் வந்த 80, 120 ஜிபி கிளாசிக்குகள் ஆப்பிளின் சொந்த மென்பொருளில் 128 ஜிபிக்கு மேல் பார்க்காது. 2009இல் வந்த மெல்லிய 160 ஜிபிக்கு அந்தத் தடை இல்லை. அதற்கும் முந்தைய ஐந்தாம் தலைமுறை வீடியோ ஐபாடுக்கும் இல்லை. பிரித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஐந்தாம் தலைமுறையே எளிது. கிளாசிக்கின் உலோக மூடியை வளைக்காமல் திறப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

இடம் பெருகினாலும் உள்ளே இருக்கும் ரேம் பழையதுதான். பாட்டின் எண்ணிக்கை பல பத்தாயிரமாகும்போது பட்டியலைத் தாங்காமல் கருவி திக்கித் திணறி, தானே அணைந்து மறுபடி தொடங்கும். ஃப்ளாக்கும் பாடாது; ஆப்பிளின் ஏலாக் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஃப்ளாக் பாடும், ஃபோல்டராகவும் பார்க்கலாம். புளூடூத் மட்டும் கிடையாது.

ஸ்ட்ரீமிங்கும் வேண்டும் என்பவர்கள்

ஸ்பாட்டிஃபையில் டவுன்லோட் செய்த பாட்டைக் கார்டில் நகலெடுத்துச் சின்ன பிளேயரில் போட முடியாது. அது பூட்டிய கோப்பு. செயலிக்குள் மட்டும் திறக்கும், 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தைத் தொட வேண்டும். ஆகவே செயலி வேண்டும் என்றால் ஆண்ட்ராய்டு பிளேயர்தான் வழி. அதில் எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு என்று பாருங்கள். பழைய பதிப்பென்றால் செயலிகள் சில வருஷத்தில் கழன்றுகொள்ளும், பாட்டரியும் சீக்கிரம் இறங்கும். பெட்டியில் எழுதியிருக்கும் பாட்டரி மணிக்கணக்கு திரையை அணைத்து, வைஃபையை நிறுத்தி, அளவான சத்தத்தில் எடுத்தது.

புளூடூத் இயர்போனில்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் ஹை-ரெஸ் கோப்புக்காகப் பெரிய கார்டு வாங்குவதை மறுபடி யோசியுங்கள். புளூடூத்தில் உயர்தர ஒலிக்கென்று இருக்கும் எல்டாக் முறைகூட உச்சத்தில் 990 கேபிபிஎஸ்தான். சிடி தரம் 1,411.

"வீடியோவும் ஓடும்" என்று விற்கிற மலிவு எம்பி4 பிளேயரைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பலவற்றில் படத்தை ஏஎம்வி என்ற வடிவத்துக்கு மாற்றி, தபால் தலை அளவுக்குச் சுருக்கினால்தான் ஓடும்.

ஏற்றுகிற நேரம்

பிளேயரைக் கேபிளில் கணினியோடு இணைத்துப் பாட்டு ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும். மலிவுக் கருவிகள் நொடிக்கு 8 எம்பி வேகத்தில் எழுதினால் 500 ஜிபிக்கு 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார்டைக் கழற்றி, யுஎஸ்பி 3 கார்டு ரீடரில் போட்டால், நொடிக்கு 80 எம்பி எழுதும் கார்டு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடும். அதன் பிறகு பிளேயரில் செருகியதும் எல்லா டேகையும் படித்துப் பட்டியல் தயாரிக்கும். பாட்டு நிறைய இருந்தால் அதற்கும் நேரம் பிடிக்கும். நடுவில் அணைத்தால் முதலிலிருந்து. ஒவ்வொரு முறை கார்டைக் கழற்றி மாட்டும்போதும் முழுப் பட்டியலையும் புதிதாகப் போடும் கருவிகள் இருக்கின்றன, புதுப் பாட்டை மட்டும் சேர்த்துக்கொள்பவையும் இருக்கின்றன. விற்பவரிடம் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. அதே மாடலை வைத்திருப்பவரிடம், அவர் எத்தனை ஆயிரம் பாட்டு வைத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கார்டில் ஏற்றியாயிற்று என்று கணினியில் இருப்பதை அழித்துவிட வேண்டாம். மெமரி கார்டு சாகும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சாகாது, டேக் திருத்திய உழைப்பும் அதோடு போய்விடும். பிளேயருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு வெளி ஹார்ட்டிஸ்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.